உங்கள் பாட்டியோட பாட்டி யார்? திருவனந்தபுரத்தில் ஆவணமும் டிஎன்ஏ-வும் சொல்வது என்ன?

அம்மாவோட அம்மா பெயர் தெரியும். அவருடைய அம்மா பெயர்? அங்கேயே பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவோம். அமெரிக்காவில் 1600-களில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் சர்ச் பதிவேடு, உயில், நிலப் பத்திரம் என்று பத்துத் தலைமுறை வரை தேடிப்போகிறார்கள். பிறகு எச்சில் மாதிரி கொடுத்து டிஎன்ஏ மூலம் சரிபார்க்கிறார்கள். இதே வேலையை நம்மால் செய்ய முடியுமா? உங்கள் குடும்பத்துக்குப் பழைய திருவிதாங்கூரில் வேர் இருந்தால், ஓரளவுக்கு முடியும். ஆனால் தேடும் வழி வேறு.

நாகர்கோவிலிலிருந்து டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களில் பல இன்னும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்காதா?

கிடைக்காது. அமெரிக்காவில் வீடு வீடாக எழுதிய படிவங்களை 72 ஆண்டுகள் கழித்துப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். 1950 கணக்கெடுப்பின் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. இந்தியாவில் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்களை யாரும் பார்க்க முடியாது. திருவிதாங்கூர் 1875-லேயே கணக்கெடுத்தது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டும்தான், ஆட்கள் அல்ல.

ஆகவே நிலத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் இருக்கும் கடைசிப் பத்திரத்தை எடுத்தால், அதில் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதை வைத்து சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நகல் கேட்கலாம். ஒன்று கிடைத்தால் அதற்கு முந்தையதன் எண் அதில் இருக்கும். (கேரளத்தில் ‘ஆதாரம்’ என்றால் பத்திரம், ஆதார் கார்டை நீட்டிவிடாதீர்கள்.) வில்லேஜ் ஆபீஸில் உள்ள தண்டப்பேர் கணக்கு, 1880-களில் தொடங்கி 1911-ல் முடிந்த செட்டில்மென்ட் பதிவேடு ஆகியவை சர்வே எண்ணையும் நிலத்தை வைத்திருந்தவர் பெயரையும் சொல்லும்.

பத்திரத்தில் 1101 என்று இருந்தால், சோழர் காலம் என்று துள்ள வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். சிங்க மாதம் முதல் டிசம்பர் முடிவு வரையான தேதிகளுக்கு 824-ஐக் கூட்டினால் போதும். அதாவது 1101 என்பது 1925-26.

அப்பாவைத் தேடாதீர்கள், மாமாவைத் தேடுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். நாயர்களிடமும், தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடமும் சொத்து தாய்வழியில் போனது. குடும்பத் தலைவர், அதாவது காரணவர், பெரும்பாலும் தாய்மாமன். அவருக்குப் பின் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதிக் கிண்டல் செய்தது இந்த முறையைத்தான். எனவே பழைய ஆவணத்தில் ஒருவர் பெயருக்கு முன்னால் வரும் பெயர் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காரணவர் பெயராகவோ வீட்டுப் பெயராகவோ இருக்கலாம். நம்ம இனிஷியல் பழக்கத்தை அங்கே பொருத்திப் பார்த்தால் வேறு குடும்பத்துக்குள் போய்விடுவீர்கள்.

1925-ல் நாயர்களுக்கும், 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. கூட்டுச் சொத்தைப் பிரிக்க வழி பிறந்தது. என் கணிப்பில், இந்தத் தேடலில் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள காகிதம் அந்தக் காலத்துப் பாகப் பத்திரம்தான். பங்கு கொடுக்க வேண்டும் என்பதால் பெண்கள், குழந்தைகள் என்று உறுப்பினர்களை வரிசையாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைத்துவிடலாம்.

அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் கேரள மாநில ஆவணக் காப்பகத் துறை. கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஆவணங்கள் உட்பட ஏராளமான ஓலைகள் உள்ளன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பல எழுத்துகள். படிக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் போனால் வேடிக்கைதான் பார்க்க முடியும். தவிர, அவை பெரும்பாலும் கோயில், அரண்மனை, வரி தொடர்பானவை.

நிலமே இல்லாதவர்கள்?

பத்திரம் நிலம் வைத்திருந்தவர்களின் கதையைத்தான் சொல்லும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் சட்டப்படி முழுமையாக ஒழிந்தது. அதற்கு முன் புலையர், பறையர் உள்ளிட்ட சமூகத்தினர் ஓலைகளில் வந்தால், வாங்கியவராக அல்ல, விற்கப்பட்டவராக வருவார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு ‘1870 சுவர்’ என்று ஒன்று உண்டு. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் பொதுவாக உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பாலினம் போன்ற விவரங்கள் மட்டும்தான். நம்ம ஊர்ச் சுவரும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் நிற்கிறது.

இந்தக் குடும்பங்களுக்கு ஒரு வழி சர்ச். லண்டன் மிஷன் 1806-ல் ரிங்கல்தௌபே மூலம் தென் திருவிதாங்கூருக்கு வந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பழைய பதிவேடுகளை அந்தந்த சி.எஸ்.ஐ. சபையில் கேட்டுப் பார்க்கலாம். மிஷனரிகளின் கடிதங்கள் லண்டன் சோயாஸ் நூலகத்தில் இருக்கின்றன. மதம் மாறாத குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை. அங்கே வயதானவர்களின் நினைவுதான் ஆவணம். இன்றே ரெக்கார்ட் பண்ணுங்கள்.

அப்போ டிஎன்ஏ டெஸ்ட்?

டிஎன்ஏ பெயர் சொல்லாது. ‘இந்த இருவருக்கும் உறவு உண்டு’ என்று மட்டும் சொல்லும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. மருமக்கள்வழிக் குடும்பத்தின் வரிசையும் அதுவும் ஒரே பாதை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரே மைட்டோகாண்ட்ரியா வகை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பொதுத் தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். பொருந்தாவிட்டால் ‘நேர் தாய்வழி உறவு இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் அது தொடக்கம் மட்டுமே.

எல்லாப் பக்க முன்னோரையும் காட்டும் ஆட்டோசோமல் டெஸ்ட்டில் சிக்கல் வேறு. ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு உங்களிடம் சராசரியாக 3 சதவீதம்தான். அத்தோடு அத்தை மகன், மாமன் மகள் திருமணமும் சாதிக்குள் திருமணமும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கின்றன. ஹைதராபாத் சி.சி.எம்.பி.-யும் ஹார்வர்டும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்து மக்களை விடவும் அஷ்கெனாசி யூதர்களை விடவும் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. இதனால் ஆப் ‘மூன்றாம் கசின்’ என்று காட்டும் ஆள், உண்மையில் ஏழெட்டுத் தலைமுறை தள்ளி, நாலைந்து வழியில் உறவாக இருக்கலாம். ‘நீங்கள் 92 சதவீதம் தென்னிந்தியர்’ போன்ற வரிகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தரவு மாறினால் அந்த எண்ணும் மாறும். சாதியையோ வாரிசுரிமையையோ இந்த ரிப்போர்ட்டை வைத்து நிரூபிக்க முடியாது.

இன்னொன்று, எச்சில் உங்களுடையது, தகவல் உங்கள் மொத்தக் குடும்பத்துடையது. 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கோரியது. அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்று தெரியவந்த குடும்பங்களும் உலகம் முழுக்க உண்டு. டெஸ்ட் எடுக்கும் முன் வீட்டில் பேசிவிடுங்கள். டெஸ்ட்டுக்கு ஆகும் பணத்தில் சில பழைய பத்திரங்களின் நகலை வாங்கிவிடலாம். முதலில் அதைச் செய்யுங்கள். அதில் ஒரு பெயர் கிடைத்து, இன்னொரு கிளையில் உயிரோடு இருக்கும் உறவினரும் சம்மதித்தால், அப்போது இருவரும் சேர்ந்து எடுக்கும் டெஸ்ட்டுக்கு அர்த்தம் உண்டு.