தொலைமுனையம்: தந்திக் கம்பி முதல் டெல்நெட் வரை

தொலைமுனைய அணுகல் என்பது, ஓரிடத்தில் உள்ள கருவியை வேறோர் இடத்தில் இருப்பவர் எழுத்துகளைத் தட்டி இயக்குவதும், அக்கருவி தரும் விடையை எழுத்தாகவே பெறுவதும் ஆகும். படமோ பொத்தானோ இதில் இல்லை. கட்டளை ஒரு வரி, விடை ஒரு வரி. மழைமானி, மின் அளவி, வலைத் திசைவி, மின்மாற்றிக் காப்புக் கருவி, தொலைநோக்கியின் சுழற்சிப் பொறி எனப் பலவும் இன்றும் இம்முறையில் இயக்கப்படுகின்றன. இக்கருவிகளில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் தொடர் துறை என்னும் சிறு இணைப்புவாய் இருக்கும். கடைக்காரர்கள் இதனைச் சீரியல் போர்ட் என்பார்கள்.

இம்முறையின் தேவையை உணர நீலகிரி மாவட்டமே போதும். எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி ஆகிய அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. இவை காட்டுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவில் உள்ளன. 2019 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் அடைபட்டன. எந்த நாளில் ஒரு கருவியின் அளவு மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த நாளில்தான் அதன் அருகே ஆள் போக முடியாது. தொலைமுனையத்தின் வரலாறு இந்த முரண்பாட்டுக்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

தொடர் முறை என்றால் என்ன?

கணினியில் ஓர் எழுத்து பொதுவாக எட்டுப் பிட்டுகளால் குறிக்கப்படுகிறது. எட்டுக் கம்பிகளில் எட்டுப் பிட்டுகளையும் ஒரே நேரத்தில் அனுப்புவது இணை முறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது தொடர் முறை. அகலச் சாலையில் எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து போகலாம். தேயிலைச் செடிகளுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதையில் வரிசையாகத்தான் போக முடியும். தொடர் முறையில் நேரம் கூடும், கம்பிச் செலவு குறையும். தொலைவு கூடக் கூட இந்தச் சிக்கனம் பெரிதாகும். தொலைத்தொடர்பு தொடக்கத்திலிருந்தே தொடர் முறையைப் பற்றிக்கொண்டதற்கு இதுவே காரணம்.

தந்தியும் தொலைதட்டச்சும்

மின்தந்தியே முதல் தொடர் இணைப்பு. இந்தியாவில் வில்லியம் ஓஷாநெசி கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே அமைத்த பாதை 1851இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவையும் இணைக்கப்பட்டன. ஒரே குறை, இருமுனையிலும் மோர்ஸ் குறிகளைக் கேட்டுப் பழகிய ஆள் வேண்டும்.

1870களில் பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போதோ, எல்லா எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து குறிகள் கொண்ட முறையை உருவாக்கினார். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து குறுகியும் மற்றொன்று நீண்டும் இருக்கும். போதோ முறையில் எல்லாம் ஒரே அளவு. அதனால் எந்திரமே எழுத்தைப் பிரித்தறிய முடிந்தது. தொடர் இணைப்பின் வேகத்தை 'பாட்' என்று அளக்கிறோமே, அது இவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

அடுத்த சிக்கல், எழுத்து எங்கே தொடங்குகிறது என்று வாங்கும் எந்திரம் அறிவது எப்படி என்பது. 1910களில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரம் இதற்குத் தீர்வு கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் முன் ஒரு தொடக்கக் குறி, பின் ஒரு முடிவுக் குறி. இன்றைய தொடர் துறையிலும் இதே தொடக்க பிட்டும் முடிவு பிட்டும்தான் உள்ளன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறாத ஏற்பாடு இது.

இப்படி உருவான எந்திரமே டெலிபிரிண்டர் எனப்பட்ட தொலைதட்டச்சு. இந்தியாவில் இதனை உருவாக்கிய ஊர் சென்னை. இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத் தொழில்நுட்ப உதவியுடன், இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் 1960இல் கிண்டியில் தொடங்கப்பட்டது. தந்தி அலுவலகங்களும் செய்தித்தாள் அலுவலகங்களும் இவ்வெந்திரங்களின் ஓசையில் பல ஆண்டுகள் இயங்கின. இந்தியாவின் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

கணினியோடு சேர்ந்த தட்டச்சு

தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கும் எண்ணம், நாம் இன்று அறியும் மின்னணுக் கணினியைவிட மூத்தது. 1940 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் உருவாக்கிய, ரிலேக்களால் இயங்கிய கணக்கிடும் பொறி நியூயார்க்கில் இருந்தது. கல்லூரியில் வைக்கப்பட்ட தொலைதட்டச்சில் கணக்கைத் தட்டினர். தந்தித் தடம் வழியாக விடை வந்து தாளில் அச்சானது. தொலைமுனையத்தின் பிறந்தநாள் என்று இதனைச் சொல்லலாம்.

1963இல் ஆஸ்கி எழுத்துக் குறிமுறையும், ஏஎஸ்ஆர்-33 என்னும் மலிவான தொலைதட்டச்சும் வந்தன. அதன் வேகம் 110 பாட். ஓர் எழுத்துக்குத் தொடக்கம் 1, எழுத்து 8, முடிவு 2 என 11 பிட்டுகள். ஆக நொடிக்கு 10 எழுத்துகள். பிறகு புழங்கிய 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் எனக் கொண்டால் நொடிக்கு 960 எழுத்துகள் ஆகின்றன. மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

1978இல் டிஇசி நிறுவனம் விடி100 என்ற திரை முனையத்தை வெளியிட்டது. தாள் போய்த் திரை வந்தது. எனினும் பழைய பெயர் போகவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் தொடர் துறைகள் இன்றும் 'டிடிஒய்' என்றே தொடங்கும் பெயர்களால் அழைக்கப்படுகின்றன. டெலிடைப் என்பதன் சுருக்கம் அது.

பதினைந்து மீட்டர் எல்லை

முனையத்தையும் மோடத்தையும் இணைக்க 1960இல் ஆர்எஸ்-232 என்ற தரம் வகுக்கப்பட்டது. இதில் கம்பியின் நீளம் ஏறத்தாழ 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரே அறைக்குள் இது போதும். மலையில் போதாது.

உதகையிலிருந்து எமரால்டு செல்லும் வழியில் முத்தோரை பாலாடா அருகே உள்ள வானொலித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு, 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைந்திருப்பதால், அதன் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக உள்ளது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். அதன் குவியக் கோட்டில் 1056 இருமுனை ஏற்பிகள் உள்ளன. வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்த அவற்றின் கட்டங்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாற்ற வேண்டும். அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கருவிக்குக் கட்டளை அனுப்புவதும் விடை பெறுவதும் தனிப் பொறியியல் என்பது இதிலிருந்து விளங்கும்.

நீண்ட தொலைவுக்கென ஆர்எஸ்-422, ஆர்எஸ்-485 ஆகிய தரங்கள் பின்னர் வந்தன. இவற்றில் குறிகை இரண்டு முறுக்கிய கம்பிகளின் மின்னழுத்த வேறுபாடாகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒன்றுபோலத் தாக்குவதால், வேறுபாடு மாறுவதில்லை. அதனால் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை அனுப்ப முடிந்தது. அதற்கும் அப்பால் செல்லத் தொலைபேசித் தடமும் மோடமும் வேண்டும், அல்லது வலையமைப்பு வேண்டும்.

டெல்நெட்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று சென்ற முதல் செய்தி, ஒரு தொலைமுனைய முயற்சியே. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையக் கணினிக்குள் நுழைய 'லாகின்' என்று தட்டத் தொடங்கினர். 'எல்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. சற்று நேரத்தில் சரிசெய்து மீண்டும் நுழைந்தனர்.

இத்தேவைக்கு எழுந்த நெறிமுறையே டெல்நெட். 1969இலேயே அதன் முதல் ஆவணம் வெளிவந்தது. 1983இல் ஆர்எஃப்சி 854 என்ற ஆவணத்தில் நிலைபெற்ற வடிவம் பெற்றது. அதற்கு 23ஆம் துறை எண் ஒதுக்கப்பட்டது. உலகிலுள்ள முனையங்கள் பல வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி. டெல்நெட் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கற்பனை முனையத்தை வகுத்தது. இருபுறமும் அப்பொது வடிவத்தில் பேசினால் போதும்.

தமிழ்நாட்டில் எழுத்துத் திரைகள்

இந்தியாவில் எர்னெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1986இல் தொடங்கியது. அதில் இணைந்த முதல் நிறுவனங்களுள் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்கள் எழுத்து முனையத்தை முதன்முதலாகக் கண்டது ரயில்வே முன்பதிவுக் கூடங்களில்தான். 1980களின் பிற்பகுதியில் முன்பதிவு கணினிமயமானபோது, ஊழியர் முன்னால் இருந்தது எழுத்து மட்டும் காட்டும் திரை. கணக்கு வைத்த கணினி வேறிடத்தில் இருந்தது.

1995 ஆகஸ்டு 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் அதில் அடங்கும். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கிடைத்தது. அதில் படம் வராது. வீட்டுக் கணினி விடி100 முனையம்போல நடிக்க, மோடம் வழியாக யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து அஞ்சல் படிப்பார்கள். அந்த மோடமே ஒரு தொடர் கருவிதான். 'ஏடி' என்று தொடங்கும் கட்டளைகளைத் தட்டினால் எண்ணைச் சுழற்றும். சேவை இல்லாத ஊர்க்காரர் எஸ்டிடி கட்டணம் செலுத்தி நகரத்து எண்ணை அழைக்க வேண்டியிருந்தது. மலையூர்களுக்கு அந்தச் செலவே பெரிய தடையாக இருந்தது.

வலையில் ஏறிய தொடர் துறை

தொடர் துறை உள்ள கருவியை வலையமைப்பில் ஏற்ற, இடையில் ஒரு சிறு பெட்டி வைக்கப்படுகிறது. ஒருபுறம் தொடர் கம்பி, மறுபுறம் ஈதர்நெட் கம்பி. டெல்நெட்டில் வரும் எழுத்துகளைப் பெட்டி கருவிக்குத் தரும். கருவி தரும் எழுத்துகளை டெல்நெட்டில் அனுப்பும். பழைய கணினி ஒன்றில் ஒரு மென்பொருளை நிறுவியும் இதே வேலையைச் செய்யலாம்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தொடர் இணைப்பில் இருபுறமும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். கருவி 9600 பாட் வேகத்திலும் பெட்டி 1200 பாட் வேகத்திலும் இருந்தால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். டெல்நெட் எழுத்துகளைச் சுமந்தது. வேகம், பிட் எண்ணிக்கை போன்ற அமைப்புகளைச் சுமக்கவில்லை. 1997 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 2217 இக்குறையைத் தீர்த்தது. தொலைவில் உள்ள துறையின் அமைப்புகளை இங்கிருந்தே மாற்றும் வசதியை அது டெல்நெட்டில் சேர்த்தது. அதன்பின் தொலைதூரத் தொடர் துறை, கணினியின் சொந்தத் துறைபோலவே நடந்துகொண்டது.

திறந்த கதவு

டெல்நெட்டில் கடவுச்சொல் உட்பட எல்லாம் வெறும் எழுத்தாகவே செல்லும். வழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு உலோனென், எல்லாவற்றையும் மறைக்குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் நெறிமுறையை அதே ஆண்டில் உருவாக்கினார். அதற்கு 22ஆம் துறை எண் கிடைத்தது. கணினிகள் விரைவில் எஸ்எஸ்எச்சுக்கு மாறின. சிறு கருவிகள் பல டெல்நெட்டிலேயே தங்கின. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் திசைவிகளையும் டெல்நெட் வழியாகவே கைப்பற்றியது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் நடந்தது. மூன்று மின்பகிர்மான நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் துணைமின் நிலையச் சுற்று முறிப்பான்களைத் தொலைவிலிருந்தே திறந்தனர். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். அத்துடன், தொடர் துறையையும் ஈதர்நெட்டையும் இணைக்கும் அந்தச் சிறு பெட்டிகளின் உள்நிரலையும் அழித்தனர். அதனால் ஊழியர்கள் தொலைவிலிருந்து முறிப்பான்களை மூட முடியவில்லை. வண்டியில் துணைமின் நிலையங்களுக்குச் சென்று கையால் மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. கையால் இயக்கும் ஏற்பாடும் அதை அறிந்த ஆட்களும் இருந்ததே அவர்களைக் காப்பாற்றியது.

இன்றைய நிலை

புதிய மடிக்கணினிகளில் ஆர்எஸ்-232 துறை இல்லை. யுஎஸ்பி மாற்றிக் கம்பி ஒன்றும், புட்டி அல்லது மினிகாம் போன்ற மென்பொருளும் இருந்தால் பழைய கருவியுடன் இன்றும் பேசலாம். தொலைவிலிருந்து பேசுவதானால் டெல்நெட்டை உள்வலையமைப்புக்குள் மட்டும் வைத்து, வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவே நுழைவது முறை. ஆலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும்.

மலைப்பகுதி அணைகளுக்கும் மழைமானிகளுக்கும் இவ்வரலாறு தரும் பாடம் இரண்டு. சாலை அடைபடும் நாளில் அளவைத் தெரிவிக்கத் தொலைமுனையம் வேண்டும். அத்தொலைமுனையம் அடைபடும் நாளுக்காக, அளவுகோலைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் சக்கரத்தைக் கையால் திருப்பவும் பழகிய ஆட்கள் அணையருகே வேண்டும். ஒன்று வந்ததால் மற்றொன்று தேவையில்லை என்று முடிவுசெய்வது ஆபத்தானது.