இயல்பளவு என்னும் அளவுகோல்

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது எண்களை அன்று; எண்ணின் அருகே இடப்பட்டிருக்கும் நட்சத்திரக் குறியைத்தான். குறி இல்லையேல் நிம்மதி. இருந்தால் அன்றிரவு உறக்கம் இல்லை. மருத்துவரின் சீட்டு இல்லாமலே இருபது முப்பது சோதனைகளை ஒரு தொகுப்பாகச் செய்துகொள்ளும் வசதி பெருகிவிட்ட இந்நாளில் அவ்வச்சமும் பெருகியிருக்கிறது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ, ஊரையும் உறவையும் விட்டு வாழும் தமிழர், வேற்றுமொழியில் அச்சிட்ட அறிக்கையைத் தனியே வைத்துக்கொண்டு கலங்குவது இயற்கையே. ஆகவே, 'இயல்பளவு' என்று அங்கே அச்சிட்டிருக்கும் எல்லையை யார், எவ்வாறு வகுத்தனர் என்பதைச் சற்று ஆராய்வோம்.

நோயை உடலின் நீர்களிலிருந்து அறியும் முயற்சி மிகப் பழையது. சிறுநீர் தேன்போல் இனிக்கும் நோயைச் சரகரும் சுசுருதரும் குறித்துள்ளனர். சிறுநீரில் எண்ணெய்த் துளி பரவும் வகையைக் கண்டு நோய் கணிக்கும் முறை, நம் சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்குகிறது. 1776-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மாத்யூ டாப்சன், அவ்வினிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்று காட்டினார். ஆயினும் இவையெல்லாம் உண்டா, இல்லையா என்னும் கேள்விகளே. எவ்வளவு என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது.

பெல்ஜிய நாட்டு அறிஞர் கெத்லே, 1835-இல் வெளியிட்ட நூலில், மாந்தர் பலரின் அளவுகளைக் கூட்டிச் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை நிலைநாட்டினார். ஜெர்மனியில் ஃபியரார்ட் 1852-இல் இரத்தச் சிவப்பணுக்களை எண்ணிக் காட்டினார். லைப்சிக் நகரில் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து, 1868-இல் ஒரு நூல் வெளியிட்டார். 98.6 பாரன்ஹீட் பாகை என்னும் எண் அவரால்தான் உலகெங்கும் பரவிற்று. அவரோ வெப்பநிலை நேரத்துக்கு நேரம், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் எழுதினார். உலகம் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 1992-இல் அமெரிக்காவில் 148 நலமுள்ளோரை அளந்தபோது கிடைத்த சராசரி 98.2. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக வேதவாக்காக இருந்த எண்ணும் அசைந்து கொடுத்தது.

இன்றைய அறிக்கையில் காணும் எல்லை எவ்வாறு கிடைக்கிறது? நலமுள்ளவர் எனத் தேர்ந்த ஒரு கூட்டத்தாரைச் சோதித்து, கிடைத்த அளவுகளை வரிசைப்படுத்துகின்றனர். மேலே நூற்றுக்கு இரண்டரைப் பங்கையும் கீழே இரண்டரைப் பங்கையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 பங்கை எல்லையாகக் கொள்கின்றனர். இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். நலமுள்ளவர் இருபது பேரில் ஒருவர், எந்நோயும் இல்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார். ஒருவரே இருபது சோதனைகள் செய்துகொண்டால், அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்ளும்போது, ஏதேனும் ஒன்றிலாவது குறி விழும் வாய்ப்பு நூற்றுக்கு 64. லியோனார்ட் ஸ்கெக்ஸ் அமைத்த தானியங்கிப் பகுப்புக் கருவி 1957-இல் விற்பனைக்கு வந்த பின், ஒரே இரத்தத்தில் பல சோதனைகளை விரைவாகச் செய்வது எளிதாயிற்று. காரணமற்ற குறிகளும் உடன் பெருகின.

'நார்மல்' என்னும் சொல்லைத் தமிழாக்கும் போதெல்லாம் நாம் தயங்குவதுண்டு. தச்சரின் மூலைமட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. பலரிடம் காணப்படுவது என்றும், இருக்கவேண்டிய முறை என்றும் அதற்கு இருபொருள் உண்டு. பின்லாந்து நாட்டு அறிஞர்களான கிரேஸ்பெக்கும் சாரிஸும் இக்குழப்பத்தை உணர்ந்தே, 1969-இல் அச்சொல்லைக் கைவிட்டு 'ஒப்பீட்டு அளவு' என்னும் பொருள்படும் சொல்லை முன்வைத்தனர். அறிக்கை கூறுவது ஒப்பீடு மட்டுமே, தீர்ப்பு அன்று என்பது அச்சொல்லின் கருத்து.

வேறுவகை எல்லைகளும் உள. இரத்தச் சர்க்கரைக்கான எல்லை, பிற்காலத்தில் நேரும் கேடுகளைக் கணித்து வல்லுநர் வகுப்பது. உணவுக்கு முன் 140 மில்லிகிராம் என்றிருந்த நீரிழிவு எல்லையை, 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126 ஆகக் குறைத்தது. 130 அளவுடைய ஒருவர், உடலில் எம்மாற்றமும் இன்றியே நோயாளர் வரிசைக்கு வந்தார். எனினும் இம்மாற்றம் வீண் அன்று. கண்ணைக் கெடுக்கும் தீங்கு அந்த அளவிலேயே தொடங்குவதைக் கண்டே எல்லையைத் தாழ்த்தினர்.

இன்னொரு கணக்கும் உண்டு. தாமஸ் பேய்ஸ் என்னும் பாதிரியாரின் கட்டுரை, அவர் மறைந்த பின் 1763-இல் வெளியாயிற்று. அதன் வழி ஓர் எடுத்துக்காட்டு: ஆயிரம் பேரில் ஒருவருக்கே உள்ள நோய்க்கு எல்லோரையும் சோதிக்கிறோம். சோதனை நோயாளியைத் தவறாமல் காட்டும். நலமுள்ளவரில் நூற்றுக்கு ஐவரையும் பிழையாகக் காட்டும். அப்போது குறி பெறுவோர் ஏறத்தாழ 51 பேர். உண்மை நோயாளி அவருள் ஒருவரே. அறிகுறி கண்டு மருத்துவர் எழுதித் தரும் சோதனைக்கும், சலுகை விலைக்காகச் செய்துகொள்ளும் சோதனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. எண் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க வழி யாது? சிறு விலகலாயின் மருத்துவரைக் கேட்டு மறுபடி சோதிப்பது நன்று. மிகையாக வந்த அளவு மறுமுறை சராசரியை நோக்கித் திரும்பும் இயல்பினது என்பதை 1886-இலேயே கால்டன் விளக்கினார். இரத்தம் எடுக்கையில் சிவப்பணு உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும். கடும் உழைப்பும், உணவு உண்ட நேரமும், உட்கொள்ளும் மருந்தும் அளவுகளை மாற்றும். ஒருவரின் பழைய அறிக்கைகள், கூடியவரை ஒரே சோதனைச் சாலையில் எடுத்தவை, ஊராரின் சராசரியைவிடச் சிறந்த அளவுகோலாகப் பெரிதும் அமையும். ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்கள் இவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

ஆயினும், இருபதில் ஒன்று பொய் என்று கேட்டுக் குறிகளையெல்லாம் ஒதுக்கிவிடலாகாது. பெரிய விலகலும், மீண்டும் மீண்டும் வரும் விலகலும், உடல் மெலிவோ மூச்சிரைப்போ உடன் தோன்றும் விலகலும் உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கவை. எல்லைக்குள் அடங்கிய எண்ணும் நோயில்லை என்பதற்கு உறுதிச்சீட்டு அன்று. மூலைமட்டம் சுவரின் கோணலைக் காட்டும். சுவர் ஏன் சாய்ந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல, வீட்டை நேரில் பார்த்தறியும் ஒருவர் வேண்டும்.