வில்வண்டி முதல் ஹெரால்டு வரை

காவிரி கல்லணையில் வெண்ணாற்றைப் பிரித்துவிட்டு, அதன்பின் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து கடலை நாடிச் செல்லும் நீர்வழிகளால் ஆன தஞ்சை ஜில்லாவில், சாலை என்பது பெரும்பாலும் ஆற்றங்கரையையோ வாய்க்கால் கரையையோ ஒட்டிப் போவதாகவே இருந்துவந்திருக்கிறது. ஆறு வளைந்த இடத்தில் சாலையும் வளையும். வாய்க்கால் குறுக்கிட்ட இடத்தில் மதகின் மேல் ஏறி இறங்கும். இரு புறமும் பள்ளத்தில் நெல்வயல் கிடக்கும். மலையோ மேடோ இல்லாத இந்தச் சமவெளியில் வண்டியை விரைந்து செலுத்துவது மிக எளிது என்று வெளியூரார் எண்ணுவது இயல்பு. ஆனால் ஒரு தப்படி பிசகினால் வண்டி வயலில் இறங்கிவிடும் என்பதை அறிந்த உள்ளூரார், வண்டியின் வலிமையைக் காட்டிலும் அது கைக்கு அடங்கி நடப்பதையே அதன் முதல் லட்சணமாகப் போற்றினார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் உள்ள பேதம் யாது என்று கேட்பவர்களுக்கு, இந்த ஜில்லாவின் வண்டிச் சரித்திரத்திலேயே பாதி விடை கிடைக்கும் என்பது என் துணிபு.

மோட்டார் வருவதற்கு முன்பு, மிராசுதார் வீட்டு வண்டிக் கொட்டகையில் பல ஜாதி வண்டிகள் நின்றன. நெல் மூட்டைகளை ஏற்றப் பாரவண்டி. குடும்பத்தார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரக் கூண்டுவண்டி. அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கி வில்லாக வளைத்துப் பொருத்தியதனால் குலுங்காமல் செல்லும் வில்வண்டி. இவை எல்லாவற்றிலும் இலகுவானது ரேக்ளா. அதில் பாரம் ஏற்ற இடமில்லை, பெண்டு பிள்ளைகளை அமர்த்த வசதியில்லை. செலுத்துகிறவனும், மிஞ்சினால் துணைக்கு ஒருவனும் ஏறலாம். உபயோகம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லாமல், போகும் சுகத்துக்காகவே செய்யப்பட்ட வண்டி அது. இந்த நாட்டின் ஸ்போர்ட்ஸ் கார் எது என்று என்னைக் கேட்டால், ரேக்ளாவைத்தான் காட்டுவேன்.

வண்டியில் பூட்டிய மாடுகளையும் சொல்லவேண்டும். தலைஞாயிறு, வேதாரணியம் பக்கத்து உம்பளச்சேரி என்ற ஊரின் பெயரைத் தாங்கிய மாட்டினம், சேற்று வயலில் உழுவதற்கென்றே அமைந்ததுபோன்ற குறுகிய, உறுதியான கால்களை உடையது. கன்றாக இருக்கையில் செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெண்சுட்டி இருக்கும். காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்தமையால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் 1968ல் ஏற்பட்ட அரசாங்கக் கால்நடைப் பண்ணை இந்த இனத்தைக் காத்துவருகிறது. வண்டியின் முகப்பில் அமர்ந்தவன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த விரல்களாலும், மாட்டின் முதுகின்மேல் வைத்த உள்ளங்கையாலும், நாக்கைத் தட்டி எழுப்பும் ஒலியாலும் அவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான். இடத்து மாடு மிரளப் போகிறது என்பதை அது மிரளுவதற்கு ஒரு கணம் முன்பே அவன் கை அறிந்துவிடும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களிலும் அடுத்த புதுக்கோட்டைச் சீமையிலும் இந்தக் கலை எல்கைப் பந்தயமாக இன்றும் நடைபெறுகிறது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவுக்கேற்ப வகுப்புகள் உண்டு; குறித்த எல்லையைத் தொட்டுத் திரும்பி வருவதே பந்தயம். 2014ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தடைப்பட்டு, 2017ல் தமிழ்நாடு இயற்றிய திருத்தச் சட்டத்தால் மீண்டு, 2023ல் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதலையும் அது பெற்றது.

இந்த வண்டிகளுக்குச் சக்கரம் செய்யும் தொழிலைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்பது அவசியம். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் நுனிகளைக் கவ்வி வட்டமாகச் சேரும் வட்டைத் துண்டுகள், எல்லாவற்றையும் சுற்றி வளைக்கும் இரும்புப் பட்டா. மரம் பெரும்பாலும் நன்கு காய்ந்த கருவேலம். பட்டாவின் சுற்றளவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சிறிது குறைவாகவே வைத்து ஆசாரி அடித்து முடிப்பார். பிறகு வரட்டியை வட்டமாக அடுக்கி மூட்டிய தீயில் அதைப் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, இரும்பு விரிந்த பதம் பார்த்து, நாலு பேர் நாலு பக்கமும் இடுக்கியால் தூக்கிவந்து வட்டையின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவார்கள். மரம் கருகிப் புகையும்போது குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க, வட்டையும் ஆரக்காலும் குடமும் மூட்டுக்கு மூட்டு இறுகும் ஓசை கேட்கும். ஓர் ஆணியுமின்றி அத்தனை மரமும் ஒரே உருவாகிவிடும். பதம் தவறினால், பட்டா கழன்றுவிடும், அல்லது ஆரக்கால் பிளந்துவிடும். அந்தப் பதத்தை அளக்க ஆசாரியிடம் கண்ணைத் தவிர வேறு கருவி இருந்ததில்லை. அச்சுக்கு மசகாக வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துத் தடவினார்கள். அதே விளக்கெண்ணெய்தான் அக்காலத்து இங்கிலாந்தில் பந்தயக் கார்களின் எஞ்சினுக்கும் ஊற்றப்பட்டது என்பதும், காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கிலிருந்து வந்ததென்பதும் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861லேயே ரயில் வந்துவிட்டது. மோட்டார் அதற்கு வெகுகாலம் பிந்தியது. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் 1903ல் ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டினர். அடுத்த இரண்டு மூன்று தசாப்தங்களில் பெட்ரோல் கார் முபஸலுக்கும் பரவியது. அக்காலத்துக் காரை எழுப்புவதே ஒரு வித்தை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றவேண்டும். அதற்கு முன் எஞ்சினில் பொறி தட்டும் நேரத்தை நெம்புகோலால் பின்தள்ளி வைக்கவேண்டும். மறந்தால் கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவால் வண்டி ஓட்டும் உலையை டி.வி.எஸ். நிறுவனத்தார் செய்து அளித்தார்கள். யந்திரம் எவ்வளவு புதிதாயினும், அதன் நெருப்பையும் நீரையும் காற்றையும் கையால் சரிசெய்தே ஓட்டவேண்டியிருந்த காலம் அது.

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் இந்தக் காலத்தின் குழந்தை. 1945ல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. என்ற காரை உதாரணமாகக் கொள்வோம். எஃகுச் சட்டத்தின்மேல் ஆஷ் என்னும் மரத்தால் கூடு கட்டி, அந்த மரத்தின்மேல் தகட்டைப் போர்த்து அதன் உடலைச் செய்தார்கள். கம்பி ஆரங்கள் கொண்ட உயரமான சக்கரங்கள், 1250 சி.சி. எஞ்சின், மடக்கிப் படுக்கவைக்கக்கூடிய கண்ணாடி. அதன் உடலைக் கட்டிய தச்சனும் நம் வட்டை செதுக்கிய ஆசாரியும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆனால் ஒருவர் பட்டறையில் மற்றவர் நின்றால், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதில் அரை நிமிஷத்தில் ஒத்துப்போயிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த மரபு ஹெரால்டு என்ற காரின் வழியாக வந்தது. இத்தாலியரான மிகெலோட்டி வடிவமைக்க, இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியார் 1959ல் வெளியிட்ட அந்தக் காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியார் செய்யத் தொடங்கினார்கள். ஹெரால்டின் சாஸியையே ஆதாரமாகக் கொண்டு, அதைக் குறுக்கி, 1962ல் டிரையம்பார் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். ஆகவே சென்னையிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு ஹெரால்டிலும் ஓர் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புகள் இருந்தன. மற்றக் கார்கள் திரும்பத் திணறும் சந்திலும் ஹெரால்டு சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துத் திரும்பும். தேர் நிற்கும் சந்நிதித் தெருவிலும், குறுகிய அக்கிரகாரத்திலும் இதன் அருமை தெரியும். அதன் பானெட் பக்கச் சிறகுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்புறம் சாயும். மெக்கானிக் முன் டயரின்மேலேயே உட்கார்ந்துகொண்டு, எஞ்சினையும் ஸ்டீரிங்கையும் ஸ்பிரிங்குகளையும் ஒரே பார்வையில் கண்டு, வேண்டியதைத் தொட்டுப் பழுது பார்க்கலாம்.

அந்தக் காரை ஆற்றங்கரை வளைவில் ஓட்டுவதுதான் பரீட்சை. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் அரை அச்சுகளில் சுழல்வன. குறுக்கே வைத்த ஒற்றை வில் அவற்றைத் தாங்குகிறது. வேகமாக வளைவுக்குள் புகுந்துவிட்டு, பயத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால், காரின் பின்பாகம் எழும்பி, சக்கரம் உட்புறமாக மடங்கி, கார் தன் போக்கில் திரும்பிவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, கியரை மாற்றி, உள்ளே புகுந்தபின் காலை அசைக்காமல் இருக்கவேண்டும். முதல் கியருக்கு ஒத்திசைவுப் பல்லும் கிடையாது. வண்டி நின்றால்தான் சத்தமின்றி விழும், அல்லது கிளட்சை இருமுறை மிதிக்கத் தெரிந்திருக்கவேண்டும். பின்பாகம் லேசாவதை இருக்கையிலும், முன்சக்கரம் மண்ணில் நழுவுவதை ஸ்டீரிங்கைப் பிடித்த விரல்களிலும் உணர்ந்து நடப்பதே அதன் சாரத்தியம். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவன் அறிந்ததும் இதுதான்.

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சிறப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1964ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 சுமார் 1,080 கிலோ எடையும் 130 குதிரைத்திறனும் கொண்டது. இன்று அதே பெயரில் வரும் காரில் ஆகக் குறைந்த வகையே 1,500 கிலோவும் 400க்குச் சற்றுக் குறைந்த குதிரைத்திறனும் உடையது. எடை சுமார் ஐந்தில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது, வலிமையோ மூன்று மடங்காகிவிட்டது. அத்தனை வலிமையையும் சாமானிய மனிதன் கையில் கொடுக்க முடிகிறதென்றால், அவனுக்கும் சாலைக்கும் நடுவே கணினி அமர்ந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடித்து, நழுவும் சக்கரத்தை மட்டும் தனியே தடுத்து, அவன் பிழையை அவன் அறியுமுன் திருத்திவிடுகிறது என்பதே காரணம். பூட்டா பிரேக் 1978லும், சறுக்கலை அடக்கும் சாதனம் 1995லும் கார்களுக்கு வந்தன. அவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. என் பிள்ளைகள் இரவில் பிரயாணம் செய்வதானால் புதிய காரிலேயே போகவேண்டும் என்றுதான் நான் விரும்புவேன். எனினும், ஓட்டுகிறவனுக்குச் செய்தி சொல்லவேண்டிய ஸ்டீரிங்கை இன்று மின்மோட்டார் திருப்புகிறது; எஞ்சினின் ஓசையைக்கூடச் சில கார்களில் ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்கிறார்கள். பழைய கார் 50 மைல் வேகத்தில் தந்த பரவசத்தைப் பெற, புதிய காரில் 150 மைல் வேகம் வேண்டியிருக்கிறது. அந்த வேகத்துக்கு நம் நாட்டில் சாலையும் இல்லை, நியாயமும் இல்லை. உண்மையான பேதம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

புதிய சாதனம் வந்தால் பழைய வித்தை அழிந்தே தீரவேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்குத் திருவாரூர் ஆழித்தேர் சாட்சி. அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தேர், 1948க்குப் பின் நெடுங்காலம் நிலையிலேயே நின்று, 1970ல் மறுபடியும் ஓடியது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும், வீதி முனையில் தேரைத் திருப்பவும், ஒரு புறமாக ஒதுங்குவதை நேராக்கவும், சுழலும் சக்கரத்தின் அடியில் கணம் தவறாமல் முட்டுக்கட்டையை வைத்து எடுக்கும் ஆட்கள் இன்றும் சக்கரத்தோடு கூடவே நடந்து வருகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயத்துக்கு நம் ராஜ்யத்தில் இருந்த களம் சோழவரம். யுத்த காலத்து விமானத் தளத்தில், 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துக் கோத்து வேகம் ஏற்றியவர்கள் அங்கே ஓட்டினார்கள். கோயமுத்தூர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார்களையே உள்ளூரில் செய்து காட்டினார். அந்தக் கோவையிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் புறப்பட்டு, 2005ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

ஹெரால்டின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. 1972ல் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது. அதுவும் அந்தத் தசாப்தத்தோடு நின்றது. 1985ல் அதே கம்பெனியார் ரோவரின் அழகிய உடலுக்குள் பழைய வான்கார்டு எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டனர். உருவத்தின் வாக்குறுதியை எஞ்சினால் நிறைவேற்ற முடியாமல், 1988ல் தொழிற்சாலை மூடப்பட்டது. எஞ்சிய ஹெரால்டுகளை, உதிரிபாகங்களைக் கடைந்து எடுக்கவும் கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யவும் தெரிந்த மெக்கானிக்குகளே இன்று ஓடவைக்கிறார்கள். பட்டா கட்டத் தெரிந்த ஆசாரிகளைப் போலவே அவர்களும் அருகிவருகிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் கார்களுக்கென்று 2015ல் ஒரு காட்சிசாலை திறந்திருக்கிறார்கள். தஞ்சையிலும் ஒரு வில்வண்டியையும் ஒரு ரேக்ளாவையும் ஒரு ஹெரால்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, இந்த இரு தொழிலையும் அறிந்தவர்கள் உள்ளபோதே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, நாலு இளைஞர்களுக்குக் கற்பிக்கச் செய்யவேண்டும் என்பது என் விண்ணப்பம். வண்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறையேனும் வெண்ணாற்றங்கரைச் சாலையில் ஓடவேண்டும்.