வீடும் மருந்தும்: தமிழகத் தொழுநோய் மருத்துவப் பணியில் குடியிருப்பின் இடம்

முன்னுரை

இந்தியாவில் கிறித்தவ மிஷன்கள், அதாவது சமயப் பணிக்கெனத் திருச்சபைகள் அமைத்து அனுப்பிய பணிக்குழுக்கள், ஆற்றிய தொண்டுகளுள் கல்வியும் மருத்துவமும் அச்சும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஏழைகளுக்காக அவை எழுப்பிய குடியிருப்புகள் அந்த அளவு கவனம் பெறவில்லை. மருத்துவம் ஓர் அறிவுத்துறை என்றும், வீடு கட்டித் தருவது அதன் பின்னே வரும் ஈகை என்றும் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். வறியவர்களைப் பொறுத்தவரை இப்பிரிவினை பொருந்தாது என்பதும், எத்தகைய குடியிருப்பு, யாருடைய நலனுக்காக, யார் கையால் கட்டப்பட்டது என்ற கேள்விகளைக் கொண்டே ஒரு மருத்துவப் பணியின் உண்மையான இயல்பை அளக்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்வாதத்துக்குச் சான்றாகத் தொழுநோய்ப் பணி, குறிப்பாக வேலூரில் நடந்த பணி, அதற்கு முன்னோடியான கொல்லிமலைப் பணியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. நோயாளியின் உடலைப் போலவே அவருடைய வீட்டையும் குலைத்த நோய் அது என்பதால், மருந்துக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு வேறெந்த நோயையும்விட இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

புகலிடம்: சமூகத்தின் அச்சம் கட்டிய வீடு

அயர்லாந்தைச் சேர்ந்த வெல்லஸ்லி பெய்லி, அம்பாலாவில் தொழுநோயாளிகளின் நிலையை நேரில் கண்டபின், 1874இல் தொழுநோயாளிகளுக்கான மிஷனைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்திருந்தார். கிருமி தெரிந்தும் மருந்து இல்லாத அக்காலத்தில் மிஷன்களால் தர முடிந்தது உணவும் உடையும் கூரையுமே. ஆகவே, 'அசைலம்' எனப்பட்ட புகலிடங்கள் நாட்டின் பல பகுதிகளில் எழுந்தன. தெருவோரத்தில் கைவிடப்பட்டவர்க்கு அவை உயிர் காத்த இடங்கள் என்பதை மறுக்க இயலாது.

எனினும் அப்புகலிடங்களின் அமைப்பை நோக்கினால் அவை இரட்டைத் தன்மை கொண்டவையாக இருந்தது புலப்படும். ஊருக்கு வெளியே அமைந்த வளாகம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசைகள், நோய் தொற்றாத குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கும் விடுதிகள் ஆகியன இப்பணியில் பரவலாகக் காணப்பட்ட கூறுகள். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறிய தொழுநோயாளிகளைப் பிடித்துப் புகலிடங்களில் அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. சொத்துள்ள நோயாளி தன் வீட்டின் பின்கட்டில் வாழ முடிந்தபோது, இரந்துண்ட நோயாளியே சட்டத்தின் பிடிக்குள் வந்தார். இவ்வாறு, இரக்கத்தால் எழுந்த ஒரு கட்டடம், நோயாளியைக் காப்பதோடு நோயற்றவர்களின் கண்ணிலிருந்து அவரை அகற்றும் வேலையையும் சேர்த்தே செய்தது. அங்கே கூரை கிடைத்தது; குடும்பமும் தொழிலும் ஊரும் கிடைக்கவில்லை.

கொல்லிமலை: கட்டட வேலையும் மருத்துவமும்

இதே காலத்தில் வேறொரு போக்கும் தமிழகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1913இல் மணம் முடித்துக் கொல்லிமலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இணையர் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜெஸ்ஸி கட்டட வேலை அறிந்தவர். வெப்பமண்டல நோய்கள் குறித்துக் குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்றவர். சாலை இல்லாத மலைக்கு மரச்சட்டங்களைச் சுமையாட்களின் தோள்மீது ஏற்றிச் சென்று வீடு அமைத்த அவர், மலைவாழ் மக்களுக்குத் தச்சு முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததோடு, நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளிகளின் காலிலிருந்து எடுத்து வந்தார். அப்புழு குடிநீர் வழியாக உடலுக்குள் சென்று, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியேறுவது. நோயாளி நீரில் இறங்கும்போது அதன் இளம்புழுக்கள் மீண்டும் அந்நீரிலேயே கலந்துவிடும். ஆகவே, புழுவை எடுத்தால் மட்டும் போதாது. குடிக்கும் நீரும் காக்கப்பட வேண்டும். குடியிருப்பின் நிலை சீராகாத இடத்தில் மருத்துவரின் வேலைக்கு முடிவே இராது என்பதற்கு இந்நோயே போதிய விளக்கம்.

1929இல் ஜெஸ்ஸி, மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்காமல் பணியாற்றி 1974இல், 95ஆம் வயதில் மறைந்தார். 1914இல் பிறந்து, மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கொத்து வேலையும் தச்சு வேலையும் பயின்ற பின்னரே மருத்துவத்துக்கு வந்தார். தமிழகத் தொழுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய அறுவை மருத்துவர் முதலில் ஒரு கட்டடத் தொழிலாளியாகப் பயிற்சி பெற்றவர் என்பது பின்வரும் செய்திகளோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வேலூர்: கை நிமிர்ந்தது, வாழ்வு நிமிரவில்லை

ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவமனை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்த நிலையில், 1946இல் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். தொழுநோய் மருத்துவ அறிஞர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்று நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் பறவையின் நகம்போல மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அக்கையின் பிடி வலுவாக இருந்ததை பிராண்ட் உணர்ந்தார். முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பு சிதைவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளோ நல்ல நிலையிலேயே இருக்கின்றன. எனவே, நலமாக உள்ள தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைத்தால் விரலை மீண்டும் நீட்டவும் மடக்கவும் முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தசைநாண் மாற்று அறுவை எனப்படும் இம்முறை 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளில் செய்யப்பட்டது. பிற நோயாளிகள் அஞ்சி வெளியேறிவிடுவார்கள் என்ற கவலையால் பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளை உள்ளே சேர்க்கத் தயங்கிய காலம் அது.

அறுவை வெற்றி பெற்றபின்தான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. கை நிமிர்ந்த நோயாளிகள் சிலர் சிறிது காலத்தில் திரும்பி வந்து, தங்கள் நிலை முன்பைவிட மோசமாகிவிட்டதாக முறையிட்டனர். மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிப் பிச்சை இட்டவர்கள், நிமிர்ந்த விரல்களைக் கண்டு காசு போடவில்லை. நோயின் வடு உடலில் எஞ்சியிருந்ததால் வேலை கொடுப்பாரும் வாடகைக்கு இடம் தருவாரும் இல்லை. மருத்துவ நூலின் கணக்கில் குணமடைந்த ஒருவர், வாழ்க்கையின் கணக்கில் பிழைப்புக்கு இருந்த ஒரே வழியையும் இழந்தவரானார். சிகிச்சையின் எல்லை எது என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பும் சான்று கிடைப்பது அரிது.

நவ ஜீவ நிலையம்: வீடு கற்பித்த மருத்துவம்

இக்கேள்விக்கு விடையாக, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1951இல் நவ ஜீவ நிலையம் அமைக்கப்பட்டது. பெரிய விடுதிக் கட்டடம் எழுப்பாமல், தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளைப் போன்ற மண்சுவர்க் குடிசைகளே அங்குக் கட்டப்பட்டன. அங்கே தங்கியவர்கள் ஒருநாள் ஊர் திரும்ப வேண்டியவர்கள். ஊரில் இல்லாத வசதிக்குப் பழகிவிட்டால் திரும்பிச் செல்வது கடினமாகும் என்ற எண்ணம் இந்த அமைப்புக்கு அடிப்படையாக இருந்தது. அறுவை செய்யப்பட்ட கைகளால் உளியும் வாளும் பிடித்து, நோயாளிகள் தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்து விற்றனர். புகலிடத்தின் கட்டுமானம் நோயாளியை நிலையாக உள்ளே வைத்திருக்க எழுந்தது; நவ ஜீவ நிலையத்தின் கட்டுமானமோ அவர் வெளியேறும் நாளை முன்வைத்தே திட்டமிடப்பட்டது. இரண்டும் ஏழை நோயாளிக்கான கூரைகளே ஆயினும், அவற்றின் நோக்கம் நேர் எதிரானது.

இதனினும் முக்கியமான விளைவு ஒன்று உண்டு. மருத்துவர்கள் நோயாளிகளின் அன்றாட வாழ்வை முதன்முறையாக அருகிலிருந்து காணும் வாய்ப்பை அக்குடிசைகள் அளித்தன. தொழுநோயாளியின் விரல்கள் அழுகித் தாமே உதிர்கின்றன என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் நிலவியது. நிலையத்தில் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடியபோது, நோயினால் வலியுணர்வு போய்விடுவதே மூல காரணம் என்பதும், காயங்கள் வெளியிலிருந்தே வருகின்றன என்பதும் தெளிவாயின. துருவேறிய பூட்டில் சாவியை மிகுந்த விசையோடு திருப்பிய கை, தசை கிழிந்தும் அதை உணரவில்லை. இரவில் விளக்கை அணைத்தபின் சூடான கண்ணாடிக் கூண்டில் புறங்கை பட்டிருந்ததால் விரல் மூட்டுகளில் கொப்புளம் எழுந்தது. சிலர் காலையில் எழும்போது விரலின் ஒரு பகுதியே காணாமற்போயிருந்தது. இரவில் விழித்திருந்து கண்காணித்தபோது, எலி வந்து உறங்குபவரின் விரலைக் கடித்துத் தின்பதும், அவர் அதை அறியாமல் தூங்குவதும் தெரியவந்தன. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பப்பட்டது.

பூனையைக் கொடுத்தனுப்பிய இச்செயல் மருத்துவ வரலாற்றில் வேடிக்கைச் செய்தியாகக் கடந்து செல்லத்தக்கதன்று. மருந்து கிருமியைக் கொல்லும். அறுவை விரலை நிமிர்த்தும். ஆனால் எலி நுழையும் சுவர், சூடேறும் பாத்திரத்தின் பிடி, இறுகிய பூட்டு, முள் நிறைந்த வழி ஆகியவற்றிலிருந்து அந்த விரலைக் காப்பது வீட்டின் வேலை. நோயாளியின் குடியிருப்பைப் பாராத மருத்துவம், காயத்தின் காரணத்தையே தவறாக நோய்மீது ஏற்றிக்கொண்டிருந்தது என்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பெற்ற ஷெஃப்லின் தொழுநோய் ஆய்வு மையத்தின் பணியும் இவ்வழியில் வளர்ந்தது. உணர்விழந்த பாதத்தைக் காக்க மென்ரப்பர் அடித்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு பரவலானதும் இதே புரிதலின் பயனாகும்.

ஒப்புநோக்கு: லாரி பேக்கர்

இப்புரிதல் வேலூருக்கு மட்டும் உரியதன்று. குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பழைய புகலிடங்களைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றும் பொறுப்பேற்று 1945இல் தொழுநோயாளிகளுக்கான மிஷனின் பணிக்கு இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை 1948இல் அவர் மணந்தபின், இமயமலைப் பகுதியான பித்தோராகரில் இருவரும் நெடுங்காலம் மருத்துவமனை நடத்தினர். அம்மலை மக்கள் உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டிய வீடுகளே பேக்கருக்குப் பாடமாயின. அவர் பின்னர்க் கேரளத்தில் ஏழைகளுக்கான குறைந்த செலவு வீடுகளை வடிவமைத்தபோது, செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மீது நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டுமுறையைப் பெரிதும் கையாண்டார். அம்முறை செங்கல் தேவையை ஏறத்தாழக் கால்பங்கு குறைப்பதோடு, வெயிலின் வெப்பம் உள்ளே இறங்குவதையும் தணிக்கிறது. மருத்துவர் ஒருவரும் கட்டடக் கலைஞர் ஒருவரும் ஒரே இல்லத்தில் இருந்து பணியாற்றியது தற்செயலாக இருக்கலாம். அவர்களின் பணிகள் ஒன்றையொன்று நாடியது தற்செயலாகத் தோன்றவில்லை.

எதிர்வாதங்கள்

இப்பணிகள் மதமாற்றத்துக்கான கருவிகளே என்ற வாதம் நெடுநாளாக உண்டு. மிஷன்கள் தம் சமய நோக்கத்தை மறைத்ததில்லை; கொல்லிமலைக்கு பிராண்ட் இணையர் சென்றதும் சமயப் பணிக்காகவே. வீடும் மருந்தும் இல்லாத ஒருவரிடம் அவற்றைத் தருபவர் சமயத்தையும் பேசும்போது, கேட்பவரின் விருப்பம் எவ்வளவு தூரம் கட்டற்றது என்பது நேர்மையான கேள்வி. இதற்கு விடை காண, கொடுப்பவரின் நோக்கத்தை ஆராய்வதைக் காட்டிலும் கொடையின் அமைப்பை ஆராய்வதே பயன்தரும். பெறுபவர் தம் தொழிலோடு சொந்த ஊருக்குச் சென்று எவர் தயவுமின்றி வாழ வழிசெய்யும் பணி, அவரது விருப்ப உரிமையை மீட்டுத் தருகிறது; அவரைத் தன் வளாகத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளும் பணி, நோக்கம் எவ்வளவு தூயதாயினும், அவ்வுரிமையைச் சுருக்குகிறது. இந்த அளவுகோலில் புகலிடம் குறைபடுகிறது. நவ ஜீவ நிலையம் தேறுகிறது.

வீடும் மருத்துவமும் அரசின் கடமைகள், அவற்றைத் தொண்டு அமைப்புகள் ஏற்பது அக்கடமையை மறக்கச் செய்யும் என்பது மற்றொரு வாதம். இது பெரிதும் உண்மை. ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தபின், அதனை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது அரசின் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டமே. எந்த மிஷனாலும் அவ்வளவு பரப்பை எட்டியிருக்க முடியாது. ஆனால் அரசின் சட்டங்கள் வீட்டைப் பற்றிய பாடத்தைக் கற்க நெடுங்காலம் ஆயிற்று. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக 2005ஆம் ஆண்டின் இறுதி நிலவரத்தைக் கொண்டு இந்தியா அறிவித்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ 2016 வரை ஏட்டில் இருந்தது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. மருந்து நோயைக் குணமாக்கிய பின்னும், குடும்பத்தைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுத்தே வந்தது.

முடிவுரை

புகலிடத்திலிருந்து நவ ஜீவ நிலையம் வரையிலான வரலாறு, கிறித்தவ மருத்துவப் பணி தன் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்ட வரலாறாகும். அக்கல்விக்குக் காரணமானவர்கள் திரும்பி வந்து முறையிட்ட நோயாளிகள். அம்முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்டதே அம்மருத்துவர்களின் பெருமை. வீடு சிகிச்சையின் ஒரு பகுதி என்ற அவர்களின் முடிவு தொழுநோய்க்கு மட்டுமன்றி, காற்றோட்டமற்ற அறைகளில் பரவும் காசநோய்க்கும், தேங்கிய நீரில் பெருகும் கொசு தரும் காய்ச்சல்களுக்கும் அப்படியே பொருந்தும். இன்றும் நாட்டில் வீட்டுவசதி ஒரு துறையிடமும் மக்கள் நல்வாழ்வு வேறொரு துறையிடமும் இருந்துவருகின்றன. தொழுநோயிலிருந்து மீண்டோரின் குடியிருப்புகளிலிருந்தேனும் இவ்விரு துறைகளும் ஒரே திட்டத்தின்கீழ் இணைந்து பணியாற்றத் தொடங்க வேண்டும். அங்கு வாழ்வோரைக் கலந்து அத்திட்டம் வகுக்கப்பட வேண்டும்.