சே. இராமானுஜம்

சே. இராமானுஜம் (1935–2016) தமிழ் நவீன நாடகத்தின் முன்னோடி இயக்குநர், நாடக ஆசிரியர், நாடகக் கல்வியாளர். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்தவர். காந்திகிராமம், திருச்சூர், தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் நாடகம் கற்பித்தார். ‘வெறியாட்டம்’ நாடகத்தாலும், திருக்குறுங்குடியின் கைசிக நாடகத்துக்கு மறுவாழ்வு கொடுத்ததாலும் பெரிதும் அறியப்படுகிறார்.

பிறந்த மண்

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலையும் ஜீயர் மடத்தையும் மையமாகக் கொண்ட வைணவ ஊர். நெல்லைச் சீமை முழுவதுமே நிகழ்த்துகலைகள் செழித்த பூமி. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிக்கும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. சுடலைமாடன் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நிகழும். வழிபாடும் நாடகமும் பிரியாத இந்த மரபு, இராமானுஜத்தின் அரங்கப் பார்வைக்கு அடித்தளமாக நின்றது.

காந்திகிராமம்

திண்டுக்கல் அருகே, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில் இராமானுஜம் ஆசிரியரானார். கைத்தொழிலையும் கலையையும் படிப்போடு இணைத்த ஆதாரக் கல்வி அங்கே நடைமுறையில் இருந்தது. அந்தச் சூழலில் நாடகத்தைக் கல்விக் கருவியாக அவர் வளர்த்தெடுத்தார். சிறுவர் நாடகத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு கடைசிவரை தொடர்ந்தது. மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப்பிள்ளையின் நட்பும் காந்திகிராமம் வழியே வாய்த்தது. அறுபதுகளில், இப்ராகிம் அல்காசி தலைமையில் இயங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்றார். 1967-இல் கேரளத்தில் சங்கரப்பிள்ளை முதலியோர் தொடங்கிய ‘நாடகக் களரி’ இயக்கத்திலும் பங்குகொண்டார்.

1977-இல் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு காந்திகிராமத்தில் நடந்த நீண்ட பயிலரங்கு தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். சபா மேடையின் வசன நாடகத்தையே பார்த்துப் பழகிய இளைஞர்கள் உடல்மொழி, குரல், வெளி, ஒளியமைப்பு ஆகியவற்றை முறையாகக் கற்கும் வாய்ப்பை அது தந்தது. அந்த ஆண்டுகளில்தான் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும், மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கமும் உருவாயின.

திருச்சூரும் தஞ்சாவூரும்

கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் தொடங்கிய நாடகப் பள்ளிக்குச் சங்கரப்பிள்ளை இயக்குநரானபோது, அவருடன் பணியாற்ற இராமானுஜமும் சென்றார். கேரளத்தின் ஒரு தலைமுறை நாடகக் கலைஞர்கள் அவரிடம் பயின்றார்கள். தமிழகத்தைப் போலவே கேரளமும் அவரை ஆசானாகக் கொண்டாடியது.

எண்பதுகளில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்தார். மாணவர்களைக் கொண்டே பல நாடகங்களை மேடையேற்றினார். நடிப்பு, இயக்கம், மேடை அமைப்பு ஆகியவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் பாடநூல் வேண்டியிருந்த காலத்தில் ‘நாடகப் படைப்பாக்கம்: அடித்தளங்கள்’ என்ற நூலை எழுதினார்.

நாடகங்கள்

‘புறஞ்சேரி’, ‘பிணம் தின்னும் சாத்திரங்கள்’, ‘மௌனக்குறம்’, ‘செம்பவளக்காளி’ ஆகியவை அவருடைய நாடகங்களுள் சில. எல்லாவற்றிலும் பெயர்பெற்றது ‘வெறியாட்டம்’. கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ் கி.மு. 415-இல் அரங்கேற்றிய ‘திராய் நகரப் பெண்கள்’ இதற்கு மூலம். நகரம் வீழ்ந்து, கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, அடிமைகளாகப் பங்கிடப்படக் காத்திருக்கும் பெண்களின் கதை அது. அந்தத் துயரத்தை இராமானுஜம் தமிழ்நாட்டுக் கிராமத்து ஒப்பாரியில் வெளிப்படுத்தினார். இழவு வீட்டில் நம் பெண்கள் பாடும் பாட்டே இங்கு நாடகத்தை நடத்திச் செல்லும் சக்தியாகிறது. அயல்நாட்டு நாடகம் ஒன்றைத் தமிழாக்கும்போது வசனத்தை மட்டும் மாற்றினால் போதாது, உணர்ச்சியை வெளியிடும் முறையும் தமிழாக வேண்டும் என்பதற்கு இந்நாடகம் தலைசிறந்த சான்று.

கைசிக நாடக மீட்பு

நாங்குநேரியை அடுத்த திருக்குறுங்குடியில், அழகிய நம்பிராயர் கோயிலில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் நிகழ்வது கைசிக நாடகம். வராக புராணக் கதை இதற்கு அடிப்படை. பாணர் குலத்து நம்பாடுவான் இரவில் நம்பிராயரைப் பாடப் போகும் வழியில் அவனைப் பிரம்மராட்சசன் ஒருவன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பிவந்து இரையாவதாக வாக்குக் கொடுத்துச் செல்லும் நம்பாடுவான் சொன்னபடியே திரும்புகிறான். கைசிகப் பண்ணில் அவன் பாடிய பாட்டின் பலனைப் பெற்று, முற்பிறவியில் வேள்வியில் பிழை செய்த அந்தணனான ராட்சசன் சாபம் நீங்குகிறான். ஒதுக்கப்பட்ட குலத்தவன் அந்தணனுக்கு விமோசனம் தருவதே கதையின் உச்சம்.

கோயிலைச் சார்ந்த தேவதாசிக் கலைஞர்கள் நடித்துவந்த நாடகம் இது. 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பிறகு ஆதரவற்றுத் தேய்ந்து, வெறும் சடங்காகச் சுருங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தின் ‘அரங்கம்’ அறக்கட்டளையோடு சேர்ந்து இராமானுஜம் மீட்புப் பணியில் இறங்கினார். கிடைத்த பிரதிகளையும், மூத்த கலைஞர்கள் நினைவில் வைத்திருந்த பாடல்களையும் ஆடல்களையும் ஒப்பிட்டு நாடகத்தைச் செம்மைப்படுத்தினார். 1999 முதல் அது ஆண்டுதோறும் கோயிலிலேயே நடந்துவருகிறது. நம்பாடுவானாகவும் ராட்சசனாகவும் பெண்களே நடிக்கும் பழைய மரபும் காக்கப்பட்டது.

மதிப்பீடு

நாடக இயக்கத்துக்காக 2008-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதைப் பெற்ற இராமானுஜம், 2016 டிசம்பரில் மறைந்தார். தில்லியில் கற்ற நவீன அரங்க முறையைக் கொண்டு அவர் சொந்த மண்ணின் மரபைப் புரிந்துகொண்டார். அந்த மரபிலிருந்து புதிய நாடகங்களை ஆக்கினார். தமிழில் நாடகத்தைக் கல்வித் துறையாக நிலைநிறுத்தியவர்களில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே.