ஒரே வட்டு, பல மேசைக்கணினிகள்: பிளாக் பகிர்வின் எல்லை

அலுவலகத்தில் நான்கு மேசைக்கணினிகள் இருக்கின்றன. சர்வரில் பெரிய வட்டு ஒன்று இருக்கிறது. அதை ஐஸ்கஸி வழியாக நான்கிலும் இணைத்துவிட்டால் எல்லோரும் ஒரே கோப்புகளைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். வட்டை எண்ணிட்ட துண்டுகளாகத் தரும் பிளாக் சேமிப்பைப் பற்றிய பிழையான புரிதலே இந்த எண்ணத்துக்கு அடிப்படை என்பது என் வாதம்.

2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 என்ற ஆவணமாக வெளிவந்த ஐஸ்கஸி, வட்டுக்கான கட்டளைகளை டிசிபி வழியே அனுப்புகிறது. 'இந்த எண்ணுள்ள பிளாக்கைப் படி', 'இதில் எழுது' என்பவற்றுக்கு மேல் சர்வருக்கு எதுவும் தெரியாது. கோப்பு, அடைவு, உரிமை எல்லாம் பயனர் கணினியில் ஓடும் கோப்பு முறைமையின் பொறுப்பு. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகியவையோ வட்டு தமக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி என்ற கணக்கை ஒவ்வொரு கணினியும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. முதல் கணினி ஒரு காலி பிளாக்கில் கடிதத்தை எழுதுகிறது. பழைய கணக்கையே வைத்திருக்கும் இரண்டாவது கணினி, அதே பிளாக்கில் படம் ஒன்றை எழுதிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. கடிதத்தைத் திறக்கும் நாளில்தான் சேதம் தெரியும்.

'ஒன்று மட்டும் எழுதட்டும், மற்றவை படிக்கட்டும்' என்ற சமரசமும் பலிக்காது. படிக்கும் கணினி பழைய அடைவை நம்பி, மாறிப்போன பிளாக்குகளைப் படிக்கும். போதாக்குறைக்கு, 'படிக்க மட்டும்' என்று ஏற்றினாலும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலில் (மாற்றங்களின் முன்பதிவேட்டில்) முடியாமல் கிடப்பவற்றை வட்டில் எழுதிவிடக்கூடும். அதைத் தடுக்கத் தனி விருப்பத்தேர்வு வேண்டும்.

பல கணினிகள் ஒரே வட்டில் எழுத விடும் கொத்துக் கோப்பு முறைமைகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ்கிளஸ்டர் 1980களிலேயே பகிர்ந்த பூட்டு மேலாளரைக் கொண்டு இதைச் சாதித்தது. இவ்வகையைச் சேர்ந்த ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 இரண்டும் 2006இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தன. ஆனால் இவை இரவும் பகலும் ஓடும் சர்வர்களை மனத்தில் வைத்துப் பிறந்தவை. ஓர் உறுப்புக் கணினியின் 'இதயத்துடிப்பு' சமிக்ஞை நின்றால், அது இனி எழுதாது என்று உறுதியாகும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்ததை உணரும் ஓசிஎஃப்எஸ்2 கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். யாரோ வலையமைப்பு வடத்தில் கால் தடுக்கியதற்காகச் சேமிக்காத கட்டுரையோடு கணினி மறுதொடங்குவதை எந்தப் பயனர் பொறுப்பார்?

வேகம் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சிறு கோப்புகளை ஏராளமாகக் கையாளும்போது கோப்புப் பகிர்வு நெறிமுறைகளை ஐஸ்கஸி முந்தக்கூடும். ஆனால் பிறரைக் கேட்காமலே தன் நினைவகத்தை நம்ப முடிவதால்தான் ஐஸ்கஸிக்கு அந்த வேகம். பகிர்வு வந்ததும் பூட்டுகள் வரும், வேகம் குறையும். பெரிய கோப்புகளிலோ, எந்த முறையானாலும் ஜிகாபிட் வடம் கோட்பாட்டளவில்கூட நொடிக்கு 125 மெகாபைட்டைத் தாண்டாது.

ஆகவே, கோப்புகளைப் பகிர 1984இல் சன் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ்ஸோ, எஸ்எம்பியோ போன்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைதான் சரியான வழி. அங்கே கோப்பு முறைமை ஒரே இடத்தில் ஓடுகிறது. பிளாக் சேமிப்பு வேண்டுமென்றால் கணினிக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கலாம். அல்லது வட்டில்லாக் கணினிகளை இயக்கும் எல்டிஎஸ்பி செய்ததுபோல, யாருமே எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைப் பிம்பத்தை, என்பிடி என்ற வலையமைப்பு பிளாக் நெறிமுறை வழியே எல்லோருக்கும் தரலாம். ஏற்கெனவே ஒரே பகுதியை இரண்டு கணினிகளில் ஏற்றியிருப்பவர்கள் எல்லாவற்றிலிருந்தும் உடனே இறக்கிவிட்டு, வட்டை முழுமையாக நகலெடுத்த பிறகே பழுதுபார்க்கும் நிரலை ஓட்ட வேண்டும்.