தரையில் நின்று பறந்தவர்கள்



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் பழமொழி. கைத்தொழிலைக் கையால் செய்தே கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால், கற்கும்போது ஒருமுறை தவறினும் உயிர் போய்விடும் என்றால் அத்தொழிலை எங்ஙனம் கற்பது? விமானம் தோன்றிய காலத்தில் எழுந்த வினா இது.

இதற்கு நல்லதொரு விடை கண்டவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். அவருடைய தந்தையார் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். 1920-ஆம் ஆண்டில் ஐம்பது டாலர் கொடுத்து விமானப் பயிற்சிக்குச் சென்ற லிங்க்கை, ஆசிரியர் வானில் ஏற்றி வித்தைகள் பல செய்து காட்டினாரேயன்றி, இயக்கும் கோலைத் தொடவும் விடவில்லை. மாணவனைப் பார்வையாளனாக இருத்திவிட்டுப் பாடம் முடிந்ததென எண்ணும் வழக்கம் வகுப்பறைகளிலும் உண்டு என்பதை, நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த நான் நன்கறிவேன்.

1929-இல் லிங்க் ஒரு பொறியைச் செய்து முடித்தார். குட்டைச் சிறகுகளும், ஒருவர் அமரும் அறையும் கொண்ட சிறிய போலி விமானம் அது. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைப் போன்றவையே அதன் அடியில் இருந்தன. மாணவன் கோலைச் சாய்த்தால் துருத்திகள் சுருங்கி விரியும். பொறியும் அப்பக்கம் சாயும். அருமையான அமைப்பு, ஆயினும் அதை மதிப்பாரில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசுக்கு ஆடும் பொருளாயிற்று!

1934 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் விமானத் தபால் பணியை இராணுவத்திடம் ஒப்படைத்தார். பனியிலும் இருளிலும் பறந்த இளம் விமானிகள் பலர் மாண்டனர். காரணம் என்ன? அடிவானம் மறைந்துவிட்டால் நம் உட்செவி பொய் சொல்லும். விமானம் நெடுநேரம் வட்டமிட்டாலும் நேரே செல்வதாகவே தோன்றும். அதைச் சரியாக நிமிர்த்தினாலோ, மறுபுறம் திரும்புவதாகத் தோன்றும். அவ்வேளையில் உடலுணர்வை நம்பினால் அழிவு. கருவிகளின் முள்ளை நம்பினால் பிழைப்பு. இந்த நம்பிக்கை சொற்பொழிவால் வருவதன்று. லிங்க்கின் பொறியிலோ மூடியைக் கவிழ்த்துவிட்டால் மாணவனுக்கு வெளியுலகம் இல்லை. எதிரே முட்கள் மட்டுமே. அவன் சென்ற வழியை, ஆசிரியரின் மேசைமேல் மூன்று சக்கரக் கருவியொன்று படத்தில் மையால் வரைந்துகொண்டிருக்கும். உடல் கூடத்தில், மனமோ மேகத்துக்குள்! அவ்வாண்டிலேயே இராணுவம் 3,500 டாலர் வீதம் ஆறு பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பொறிகளில் பயின்றனர்.

பொறியே இன்றி, மனத்தால் மட்டும் பயின்றால் என்னாகும்? இதற்கு விடை 1995-இல் வெளிவந்தது. அதுவும் பியானோவின் வாயிலாகவே. ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனே என்னும் மருத்துவ அறிஞரும் உடன் ஆய்ந்தோரும், பியானோ பயிலாத சிலருக்கு ஐவிரற் பயிற்சியொன்றைக் கொடுத்தனர். ஒரு சாரார் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வாசித்தனர். மற்றொரு சாரார் விரலை அசையாது, வாசிப்பதாக மனத்தில் எண்ணினர். காந்தத் துடிப்பால் மூளையைச் சோதித்தபோது, விரல்களை ஆளும் பகுதி இரு சாரார்க்கும் விரிந்திருந்தது. ஆனால் வாசிப்புத் திறன் சமமாகவில்லை. எண்ணிப் பயின்றோர் ஐந்தாம் நாளில் அடைந்தது, வாசித்துப் பயின்றோரின் மூன்றாம் நாள் நிலையையே. பின்னர் அவர்களையும் இரண்டு மணி நேரம் விரலால் வாசிக்கச் செய்தனர். அந்த ஒரே அமர்வில், மற்றவர் ஐந்து நாள் உழைத்துப் பெற்ற திறனை அவர்களும் எட்டினர்.